ஒரு கல்லுக்கு இருபது வெடி



சென்ற காலாண்டில் நம் குழந்தைகளை ஒரு ஞாயிற்றுக்கிழமை அருங்காட்சியகத்துக்கு அழைத்துச் சென்றோம் அல்லவா? பழைய துப்பாக்கிகள் வைத்திருந்த கண்ணாடிப் பெட்டி முன்னால் பி பிளாக் பையன் ஒருவன் நின்றுவிட்டான். "தாத்தா, இது எதையோ கடிக்கிற மாதிரி வாயைத் திறந்துக்கிட்டு இருக்கு. ஆனா வாயில ஒண்ணுமே இல்லையே?" என்றான். அதில் ஒரு கல் இருந்திருக்கும் என்றேன். "கல்லா? ஒரு கல்லு எத்தனை நாள் வரும்?" என்று கேட்டான். வேனுக்கு நேரமாகிவிட்டதால் "அப்புறம் சொல்றேன்" என்று சமாளித்தேன். அவனுக்குச் சொல்ல வேண்டியதை உங்களுக்கும் சேர்த்தே எழுதிவிடுகிறேன். சின்னக் கேள்விதான். ஆனால் ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் போர்க்களத்தில் நின்றவர்களின் உயிர் அந்தக் கேள்வியில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

முதலில் அந்த வாய் எது என்று பார்ப்போம். துப்பாக்கியின் பக்கவாட்டில், விசைக்குச் சற்று மேலே, வளைந்த கழுத்தோடு நிற்கும் உறுப்புக்குத் தமிழில் குதிரை என்று பெயர். ஆங்கிலேயர் அதைச் சேவல் என்றார்கள். நமக்குக் குதிரையாகத் தெரிந்தது அவர்களுக்குச் சேவலாகத் தெரிந்திருக்கிறது. குதிரையின் இரண்டு தாடைகளுக்கு நடுவில் சிக்கிமுக்கிக் கல்லை வைத்துத் திருகாணியால் இறுக்குவார்கள். எதிரே செங்குத்தாக ஓர் எஃகுப் பலகை நிற்கும். அதன் அடிப்பகுதியே, சிறிதளவு மருந்து வைத்திருக்கும் சிறு கிண்ணத்துக்கு மூடியாகவும் இருக்கும். விசையை அழுத்தினால் குதிரை பாயும், கல் பலகையைச் சுரண்டிக்கொண்டே இறங்கும், பலகை பின்னுக்குச் சாய்ந்து கிண்ணம் திறக்கும், பொறி அதில் விழும். அங்கே பற்றிய நெருப்பு பற்றுவாய் என்ற சின்னத் துளை வழியாகக் குழலுக்குள் போய் உள்ளே கெட்டித்த மருந்தை வெடிக்கச் செய்யும். கிண்ணத்து மருந்து மட்டும் பற்றி, நெருப்பு குழலுக்குள் போகாமல் நின்றுவிடுவதும் உண்டு. புகைதான் மிச்சம்.

இந்த அமைப்பைச் செம்மைப்படுத்தியவர் என்று பொதுவாகச் சொல்லப்படுபவர் பிரான்சின் நார்மண்டிப் பகுதியில் லிசியூ என்ற ஊரைச் சேர்ந்த மரன் லெ பூர்ஷ்வா. காலம் 17ஆம் நூற்றாண்டின் தொடக்கம். அதற்கு முன் எரியும் திரியைக் கையில் வைத்துக்கொண்டு சண்டை போட்டார்கள். மருந்துப் பையும் எரியும் திரியும் ஒரே ஆளின் உடம்பில்! திரி போய்க் கல் வந்தது எவ்வளவு பெரிய நிம்மதி என்று நினைத்துப் பாருங்கள்.

பலரும் தவறாக நினைக்கும் ஒன்று இங்கே உண்டு. பொறி கல்லிலிருந்து வருவதில்லை, எஃகிலிருந்து வருகிறது. கல் எஃகைவிடக் கடினமானது. அதன் கூரிய விளிம்பு எஃகிலிருந்து கண்ணுக்குத் தெரியாத சீவல்களைச் செதுக்கி எடுக்கிறது. செதுக்கும் வேகத்தில் சூடேறிய இரும்புத் துகள் காற்றில் பட்டதும் எரிகிறது. அதுதான் பொறி. ஆகவே கல்லுக்கு ஒரே வேலைதான்: கூராக இருப்பது. கூர் போனால் கல் முழுசாக இருந்தும் பயனில்லை. கத்தி மழுங்கினால் சாணை பிடிக்கிறோம் அல்லவா, அதே கதை.

சரி, எத்தனை முறை வெடிக்கும்? நெப்போலியன் காலத்துப் பிரிட்டிஷ் சிப்பாய் போருக்குப் போகும்போது பையில் 60 தோட்டாவும் 3 கல்லும் வைத்திருப்பது வழக்கம். அந்தக் கணக்குப்படி ஒரு கல்லுக்கு இருபது வெடி. ஆனால் நன்றாகச் சீர்செய்த துப்பாக்கியில் அதே கல் ஐம்பது வெடி தாங்கும், சில சமயம் அதற்கு மேலும் போகும். மோசமான துப்பாக்கியில் ஐந்தாறு வெடியிலேயே நொறுங்கிவிடும். ஒரே பள்ளத்தில் வெட்டிய கல், ஒரே ஆள் உடைத்த கல், ஏன் இந்த வித்தியாசம்? குறை பெரும்பாலும் கல்லில் இல்லை, கல்லைப் பிடித்திருக்கும் இடத்தில் இருக்கிறது.

முதல் எதிரி, பலம் மிகுந்த வில். குதிரையை இழுத்துத் தள்ளும் பெரிய வில் ஒன்று உள்ளே இருக்கிறது. பலகையைத் தன் இடத்தில் பிடித்து வைக்கும் சின்ன வில் ஒன்று வெளியே இருக்கிறது. பெரிய வில் அளவுக்கு மீறி வலுவாக இருந்தால் கல் பலகையைச் செதுக்காது, போய் மோதும். மோதினால் விளிம்பு உடையும். நம் கீழ்த்தளக் கதவில் புதிதாக மாட்டிய டோர் குளோசர் முதல் வாரம் எப்படிக் கதவை அறைந்து அறைந்து சாத்தியது, நினைவிருக்கிறதா? அதே கோளாறுதான். சின்ன வில் மிக இறுக்கமாக இருந்தால் பலகை சாயாமல் எதிர்த்து நிற்கும், அப்போதும் கல்தான் உடையும். அது மிகத் தளர்வாக இருந்தால் வேறொரு வம்பு: சாய்ந்த பலகை துள்ளித் திரும்பி வந்து கல்லின் முகத்திலேயே அடிக்கும். இரண்டு வில்லும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போக வேண்டும். நல்ல கொல்லனின் பேர் இந்த இடத்தில்தான் நின்றது.

இரண்டாவது, பலகையின் கடினம். எஃகு மென்மையாக இருந்தால் கல் அதில் பள்ளம் தோண்டும். பள்ளத்தில் சிக்கிய விளிம்பு முறியும், பொறியும் குறையும். அதிகக் கடினமாக இருந்தால் கல் வழுக்கிக்கொண்டு போய்விடும், அப்போதும் பொறி வராது. இதற்காக இரும்புப் பலகையை எலும்புக் கரியோடும் தோல் துண்டுகளோடும் பெட்டியில் அடைத்து நெருப்பிலிட்டு, மேல்தோலை மட்டும் எஃகாக மாற்றி நீரில் தோய்ப்பார்கள். பலகை தேய்ந்துபோனால் தூக்கி எறிவதில்லை. செருப்புக்கு அடித்தோல் போடுவது போல, புதிய எஃகுத் தகடு ஒன்றை முகத்தில் பொருத்தி மறுபடியும் பயன்படுத்துவார்கள்.

மூன்றாவது, கல் நிற்கும் நிலை. இது சிப்பாயின் கையில் இருந்தது. இரும்புத் தாடைக்கு நடுவில் வெறும் கல்லை வைத்து இறுக்கினால் கல் விரிசல் விடும். அதனால் ஒரு துண்டுத் தோலை மடித்து, அதற்குள் கல்லை வைப்பார்கள். கனமான மஸ்கட்டுகளுக்குத் தோலுக்குப் பதில் ஈயத் தகடு. ஈயம் கல்லை அசையாமல் பிடிக்கும், அடிக்குக் கனமும் சேர்க்கும். தோல் அதிர்ச்சியைத் தாங்கும். ரைஃபிளின் இலகுவான குதிரைக்குத் தோல்தான் பொருத்தம். கல்லின் விளிம்பு பலகைக்கு நேராக, அகலம் முழுவதும் ஒரே நேரத்தில் படும்படி நிற்க வேண்டும். கோணலாக நின்றால் ஒரு மூலை மட்டும் எல்லா அடியையும் வாங்கிக்கொண்டு உடையும். கல்லின் பக்கம் குழலில் உரசக் கூடாது. குதிரையைப் பாதி இழுத்து நிறுத்தி, பலகையை மூடிப் பார்த்தால், கல் அதைத் தொடாமல் ஒரு நூல் இடைவெளியில் நிற்க வேண்டும். அடி பலகையின் மேற்பகுதியில் விழுந்து கீழே வரை சுரண்ட வேண்டும். மிகக் கீழே விழுந்தால் சுரண்ட இடமே இருக்காது. அப்படியானால் கல்லைத் திருப்பி, சரிவான முகம் மேலே இருந்ததைக் கீழே வைத்துப் பார்ப்பார்கள். பல சமயம் அந்த ஒரு மாற்றமே போதும்.

அதன் பிறகு பராமரிப்பு. (இந்தச் சொல்லைக் கேட்டதும் மாதாந்திரக் கட்டணம் நினைவுக்கு வந்தால் நான் பொறுப்பல்ல.) முதல் சில வெடிகளில் தோல் நசுங்கும், கல் தளரும். திருகாணியை மறுபடி இறுக்காதவனின் கல் கழன்று விழும் அல்லது கோணலாகும். வெடித்த மருந்தின் கசடு காற்றின் ஈரத்தை உறிஞ்சிப் பசை போல ஒட்டும். கல்லின் விளிம்பையும் பலகையின் முகத்தையும் அவ்வப்போது உலர்ந்த துணியால் துடைக்க வேண்டும். கூர் மழுங்கினால் கல்லைக் கழற்றாமலே அதன் விளிம்பில் சின்னக் கருவியால் தட்டியோ அழுத்தியோ மெல்லிய சில்லுகளை உதிர்ப்பார்கள். உள்ளிருந்து புதிய கூர் வெளிவரும். நம் வீட்டுப் பாட்டிகள் அம்மி கொத்துகிறவரைக் கூப்பிட்டது நினைவிருக்கும். வேலையின் தத்துவம் ஒன்றுதான், அளவுதான் சிறிது. கல் தேயத் தேயக் குட்டையாகும். பின்னால் ஒரு குச்சித் துண்டைச் செருகி அதை முன்னுக்குத் தள்ளி வைப்பார்கள். வெறுமனே விசையை இழுத்துப் பயிற்சி செய்யும் நாட்களில் கல்லைக் கழற்றிவிட்டு அதன் இடத்தில் மரத்துண்டை மாட்டச் சொல்வார்கள். பயிற்சி மைதானத்தில் கல்லையும் பலகையையும் வீணாக்கக் கூடாது என்பதுதான் காரணம்.

இதெல்லாம் எல்லாச் சிப்பாய்க்கும் பொருந்தும் என்றாலும், ரைஃபிள்காரனுக்கு உயிர்ப் பிரச்சினை. 1800இல் எசக்கியேல் பேக்கர் என்ற லண்டன் துப்பாக்கித் தச்சர் உருவாக்கிய ரைஃபிள் பிரிட்டிஷ் படைக்கு வந்தது. 30 அங்குலக் குழல், உள்ளே ஏழு வரிப்பள்ளம். பச்சை உடுப்பு அணிந்த 95ஆம் படைப்பிரிவினர் ஸ்பெயினிலும் போர்ச்சுகலிலும் இதை வைத்துத்தான் பேர் வாங்கினார்கள். வழவழப்பான குழல் கொண்ட மஸ்கட்டில் பழகிய சிப்பாய் நிமிடத்துக்கு மூன்று முறை சுடலாம். ரைஃபிளில் எண்ணெய் தடவிய துணியில் குண்டைச் சுற்றி, வரிப்பள்ளங்களில் இறுகும்படி குத்தி இறக்க வேண்டும். அதனால் வேகம் குறைவு, குறி துல்லியம். மஸ்கட்காரன் நூறு பேர் வரிசையில் நின்று சுடுகிறான், அவன் துப்பாக்கி பற்றவில்லை என்றால் பக்கத்தில் உள்ளவன் சுட்டுவிடுவான். ரைஃபிள்காரர்களோ வரிசைக்கு முன்னால் இரண்டிரண்டு பேராகப் பிரிந்து, ஒருவன் சுடும்போது மற்றவன் மருந்து கெட்டித்துக்கொண்டிருப்பார்கள். சுட வேண்டியவனின் கல் ஏமாற்றினால் இரண்டு பேரும் வெறுங்கையோடு நிற்கிறார்கள். கல்லைப் பற்றி அவர்கள் கறாராக இருந்ததில் வியப்பில்லை.

அந்தக் கற்கள் எங்கிருந்து வந்தன? இங்கிலாந்தின் சஃபோக் மாவட்டத்தில் பிராண்டன் என்ற சிற்றூர். சுண்ணாம்புப் பாறைக்கு அடியில் கறுப்புக் கண்ணாடி போன்ற சிக்கிமுக்கிக் கல் படுகை படுகையாகக் கிடக்கிறது. சில கிலோமீட்டர் தள்ளி கிரைம்ஸ் கிரேவ்ஸ் என்ற இடத்தில் புதிய கற்கால மனிதர்கள் மான் கொம்பால் தோண்டிய நானூறுக்கும் மேற்பட்ட சுரங்கக் குழிகள் இன்றும் இருக்கின்றன. கோடாரிக்காக அவர்கள் தேடிய அதே கல்லை, நாலாயிரம் ஆண்டுகளுக்குப் பிறகு துப்பாக்கிக்காக அந்த ஊர்க்காரர்கள் தேடினார்கள். குழிக்குள் தனி ஆளாக இறங்கி, மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் வெட்டி, படிக்கட்டு போல விட்ட மேடைகளில் ஒவ்வொன்றாகக் கல்லைத் தூக்கி வைத்து மேலே கொண்டுவருவார்கள்.

பிறகு உடைக்கும் வேலை. உடைப்பவர் முழங்காலுக்கு மேலே தோல் பட்டை கட்டிக்கொண்டு, பெரிய கல்லை அதன்மேல் வைத்துச் சுத்தியலால் தட்டிக் காலாகப் பிளப்பார். அதிலிருந்து நீண்ட பட்டையாகச் சில்லுகளை உரித்தெடுப்பது அடுத்த கட்டம். இதுதான் கைத்திறன். கல்லின் ஓசையைக் கேட்டே உள்ளே விரிசல் இருக்கிறதா என்று சொல்லிவிடுவார்கள். கடைசியாக, கட்டையில் அடித்த இரும்பு முளைமேல் அந்தப் பட்டையை வைத்துச் சின்னச் சுத்தியலால் சதுரம் சதுரமாக நறுக்குவார்கள். தேர்ந்த ஆள் ஒரு நாளில் 3,000 கல் வரை செய்வார். மஸ்கட்டுக்கு ஓர் அளவு, ரைஃபிளுக்கு ஓர் அளவு, கைத்துப்பாக்கிக்கு ஓர் அளவு. நெப்போலியன் போர்கள் உச்சத்தில் இருந்தபோது இந்தச் சின்ன ஊரிலிருந்து மாதத்துக்கு லட்சக்கணக்கில் கல் போனது. 1879இல் சிட்னி ஸ்கெர்ச்லி என்ற புவியியலாளர் இந்தத் தொழிலைப் பற்றி அரசுக்காகத் தனி நூலே எழுதினார்.

சன்னல் சாத்திய சின்னக் கொட்டகை, நாள் முழுக்கக் கல் உடைப்பு. பறக்கும் தூசி கண்ணுக்குத் தெரியாத கண்ணாடித் தூள். அது நுரையீரலில் போய் உட்கார்ந்தால் வெளியே வராது. இன்று சிலிகோசிஸ் என்று சொல்லும் நோய் அந்த ஊரில் தொழிலின் பேரோடு சேர்த்தே சொல்லப்பட்டது. இருமலில் தொடங்கி, மூச்சு வாங்கி, நடுவயதிலேயே போய்விடுவார்கள். துப்பாக்கிக் கல்லின் ஆயுளைப் பற்றி எத்தனையோ பேர் குறிப்பு எழுதியிருக்கிறார்கள். அதை உடைத்தவனின் ஆயுளைப் பற்றி மருத்துவர்கள் அக்கறையோடு எழுதத் தொடங்கியது 20ஆம் நூற்றாண்டில்தான். அதற்குள் எந்த ஐரோப்பியப் படையும் அந்தக் கல்லைப் பயன்படுத்தவில்லை. அப்போதும் ஆப்பிரிக்காவுக்கு ஏற்றுமதி நடந்துகொண்டிருந்தது.

கல்லின் கதையை முடித்தவர் ஒரு பாதிரியார். ஸ்காட்லாந்தின் பெல்ஹெல்வி ஊரைச் சேர்ந்த அலெக்சாண்டர் ஃபோர்சைத்துக்குப் பறவை வேட்டையில் ஆசை. கிண்ணத்து மருந்து பளிச்சென்று எரிவதைப் பார்த்ததும், குண்டு வந்து சேர்வதற்குள் பறவை திரும்பிவிடுகிறது என்பது அவர் குறை. அடித்தால் தானே வெடிக்கும் ரசாயனப் பொடியை வைத்து ஓர் அமைப்பைச் செய்து 1807இல் காப்புரிமை வாங்கினார். அதிலிருந்து வளர்ந்து வந்ததுதான் செப்புத் தொப்பி வைத்து அடிக்கும் துப்பாக்கி. நம் குழந்தைகள் தீபாவளிக்கு வெடிக்கும் கேப் அதன் தூரத்துப் பேரன்.

1834இல் வுல்விச்சில் இரண்டையும் வைத்துச் சோதித்துப் பார்த்தார்கள். ஆளுக்கு 6,000 வெடி. செப்புத் தொப்பித் துப்பாக்கி 36 முறை பற்றவில்லை. கல் துப்பாக்கி 922 முறை பற்றவில்லை. ஏழு தடவைக்கு ஒரு தடவை ஏமாற்றும் ஆயுதத்தைக் கையில் கொடுத்துத்தான் வாட்டர்லூவில் ஆட்களை நிறுத்தினார்கள். இத்தனைக்கும் அந்தச் சோதனைக்குப் பிறகும் எல்லாப் படைக்கும் புதியது போய்ச் சேரப் பல ஆண்டுகள் ஆயின. கடைசியாகப் போய்ச் சேர்ந்த இடங்களில் ஒன்று நம்மவர்களின் படை.

1841 மே 30. சீனாவின் கான்டன் நகரத்துக்கு வெளியே, சான்யுவான்லி கிராமத்தை ஒட்டிய வயல்வெளி. அபினிப் போருக்காகக் கப்பலேற்றி அனுப்பப்பட்டிருந்த 37ஆம் மதராஸ் காலாட்படையின் ஒரு கம்பெனி, ஏறத்தாழ அறுபது சிப்பாய்கள், திடீரென்று கொட்டிய மழையிலும் இடியிலும் மற்றவர்களிடமிருந்து பிரிந்துவிட்டார்கள். ஈட்டியும் கொக்கி மாட்டிய நீண்ட கழிகளும் ஏந்திய ஆயிரக்கணக்கான கிராமத்தார் சூழ்ந்துகொண்டார்கள். அவர்கள் ஊர், அவர்கள் வயல், அவர்களுக்கும் கோபத்துக்குக் காரணம் இருந்தது. சிப்பாய்கள் கையில் கல் துப்பாக்கி. கிண்ணத்து மருந்து கூழாகிவிட்டது. நான் மேலே சொன்ன தோல் துண்டு, வில், விளிம்பு, துடைக்கும் துணி எதுவும் அந்த மழையில் உதவாது. கல் எவ்வளவு கூராக இருந்தாலும் பொறி விழ உலர்ந்த மருந்து வேண்டுமே! நான்கு பக்கமும் முகம் பார்க்கும் சதுரமாக நின்று, துப்பாக்கி முனையில் செருகிய பயனெட்டால் மட்டுமே தடுத்தார்கள். இருட்டிய பிறகு அவர்களைத் தேடி வந்தவை கடற்படை மரீன்களின் இரண்டு கம்பெனிகள். அவர்களிடம் செப்புத் தொப்பித் துப்பாக்கிகள் இருந்தன. அதே மழையில் அவை வெடித்தன. கூட்டம் கலைந்தது. சிப்பாய்களில் ஒருவர் இறந்தார், பலர் காயம் பட்டார்கள், மற்றவர்கள் திரும்பி வந்தார்கள்.

மதராஸ் மாகாணத்தில் திரட்டிய படை அது. எந்த ஊர்களிலிருந்து யார் யார் போனார்கள் என்று அந்தப் பையன் கேட்டான் என்றால் என்னிடம் பதில் இல்லை. கண்ணாடிப் பெட்டியில் வாயைத் திறந்துகொண்டு நிற்கும் குதிரையைப் பற்றி அவன் கேட்டதற்குப் பதில் இதுதான்: நன்றாகப் பார்த்துக்கொண்டால் ஐம்பது வெடி, கணக்குக்கு இருபது, மழை வந்தால் ஒன்றுகூட இல்லை.